நாலு பேருக்கு ஒரு முகம்

மழை பிடித்துக்கொண்டால் சிலைப் பட்டறையில் ஒருத்தர் வாயிலும் நல்ல வார்த்தை வராது. பூசினது காயாது. காய்ந்தது வெடிக்கும். வெடிப்பை அடைத்தால் அடைத்த இடம் மட்டும் தேமல் மாதிரி வெளுத்து நிற்கும். அந்த வருஷம் மழை விட்டுவிட்டுப் பெய்யவில்லை, விடாமல் பெய்தது. தகரக் கூரையின் ஓட்டைக்கு அடியில் வைத்த வாளி, பட்டறையில் வேலை செய்கிற நாலாவது ஆள் மாதிரி நாள் பூராவும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. மற்ற மூன்று பேர் யாரென்றால் மாஸ்டர், அவர் பெண்டாட்டி, அவர் தங்கச்சி.

பெண்டாட்டிக்குத் தெருவில் வைத்த பேர் மாவக்கா. பிளாஸ்டர் மாவைச் சலிக்கிறதும் கரைக்கிறதும் அவள் வேலை. தலையிலிருந்து கால்வரை எந்நேரமும் வெள்ளையாக இருப்பாள். தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் அவளை மாவு மில்காரி என்று நினைத்து, கோதுமையைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றது உண்டு. அவளும் லேசுப்பட்டவள் இல்லை. "அரைச்சுத் தரேன், தின்னா வயித்துக்குள்ளயே சிலை நிக்கும், பரவாயில்லையா?" என்பாள்.

தங்கச்சிக்காரி, அதாவது மாவக்காவுக்கு நாத்தனார், சிலைகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவள். கட்டினவன் சரியில்லை என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவள், அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டாள். சிமெண்டை வெண்கலமாகக் காட்டுகிற கை அவளுடையது. வாய் மட்டும் எட்டுத் தெருவுக்குக் கேட்கும். நாத்தனாரும் அண்ணியும் ஒத்துப்போவது உலகத்தில் இல்லாத அதிசயம் என்பார்கள். இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு மாஸ்டரைத் திட்டுகிறதில் ஒத்துப்போனார்கள்.

மாஸ்டருக்குக் கை நல்ல கை, அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் களிமண்ணில் முகம் பிடிக்கிறபோது ஒருத்தரும் எட்டிப் பார்க்கக் கூடாது. கோணித் திரையை இழுத்து விட்டுக்கொள்வார். முடித்து, அச்செடுத்து, அச்சு துண்டு துண்டாக வெளியே வரும்போதுதான் மாவக்காவின் கைக்கு வரும். ஒரு துண்டில் காது, ஒரு துண்டில் பாதி வாய், அதுவும் மேடெல்லாம் பள்ளமாக, பள்ளமெல்லாம் மேடாக. அதைப் பார்த்து இது இன்னார் என்று எவளால் சொல்ல முடியும்? அவள் எண்ணெய் தடவி, கட்டி, சிமெண்டை நிரப்பி வைப்பாள். மாஸ்டரே அச்சை உடைத்து, கழுவி, கோணியைச் சுற்றிப் பெயிண்ட்டுக்கு அனுப்பிவிடுவார். முழுசாக, நேராக, முகத்துக்கு முகம் வைத்து அவள் ஒரு சிலையைப் பார்க்கிறது அபூர்வம். திறப்பு விழாவுக்குப் போகலாம்தான். போனால் மறுநாள் மாவை யார் சலிப்பது?

ஆம்பளைச் சிலை என்றால் சொந்தக்காரர்கள் படையெடுத்து வந்துவிடுவார்கள். அப்பாவுக்கு மீசை இன்னும் கொஞ்சம் தூக்கல், மாமாவுக்கு மச்சம் இந்தப் பக்கம், அண்ணனுக்கு நெற்றி இவ்வளவு ஏறாது என்று மாஸ்டரைப் பாடாய்ப் படுத்தி எடுப்பார்கள். பொம்பளைச் சிலைக்கு அப்படி ஒருத்தரும் வந்ததில்லை. ஒரு மங்கல் போட்டோவைக் கொடுத்து, "கொண்டை போட்டிருப்பாங்க மாஸ்டர், கண்ணாடி போட்டிருப்பாங்க, சீக்கிரம் முடிச்சுடுங்க" என்பதோடு சரி.

இத்தனை வருஷத்தில் பட்டறையிலிருந்து போன பொம்பளைச் சிலைகள் நாலு. ஊரை ஆண்ட முதல் பெண் என்று மேயரம்மாவுக்கு ஒன்று, மாநகராட்சி மன்றத்து வாசலில். கிணற்றுத் தண்ணீரில் காய்ச்சல் புழுவைக் கண்டுபிடித்து, ஊரே பாடையில் போகாமல் காப்பாற்றின விஞ்ஞானிக்கு ஒன்று, ஆஸ்பத்திரியில். அவரைத் தண்ணி டாக்டர் என்றால்தான் ஜனங்களுக்குத் தெரியும். சமையற்கட்டில் உட்கார்ந்துகொண்டே நாவல் நாவலாக எழுதித் தள்ளின கதைக்காரம்மாவுக்கு ஒன்று, பெண்கள் பள்ளிக்கூடத்தில். கடைசியாகக் கையுறையம்மாவுக்கு ஒன்று, பஸ் ஸ்டாண்டில். தெருக்கூட்டுகிற பெண்களைச் சேர்த்துக்கொண்டு, வெறுங்கையால் குப்பை அள்ள மாட்டோம் என்று நடுரோட்டில் உட்கார்ந்தவர் அந்தம்மா. லாக்கப்பில் போட்டார்கள். காய்ச்சலோடு வெளியே வந்தார், பிழைக்கவில்லை. இன்றைக்கு ஊர் கூட்டுகிறவள் கையில் ஓர் உறை இருக்கிறதென்றால் அது அவர் வாங்கிக் கொடுத்தது.

நூலகத்தில் புதிதாக ஒரு கூடம் கட்டினார்கள். ஊருக்குப் பேர் வாங்கித் தந்த பெண்களை ஒரே இடத்தில் வைப்போம் என்று நூலகத்துத் தலைமை மேடத்துக்கு யோசனை வந்தது. நல்ல யோசனைதான். நாலு சிலைகளையும் பெயர்த்துக் கொண்டுவரச் சொல்லிவிட்டு, பறவை எச்சத்தையும் புகையையும் கழுவிப் புதுப் பெயிண்ட் அடித்துத் தரும்படி பட்டறைக்கு ஆளனுப்பினார். செய்தி கேட்டதிலிருந்து மாஸ்டருக்கு வயிறு சரியில்லை. இடுப்புப் பிடித்துக்கொண்டது என்றார். தலை சுற்றுகிறது என்றார். கடைசியில் அண்ணியும் நாத்தனாருமாக பிரஷ்ஷையும் சோப்பையும் பெயிண்ட் டப்பாவையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

கூடம் பெரிசு. உயர உயரமாகக் கண்ணாடி ஜன்னல், அதில் மழை வழிந்துகொண்டிருந்தது. சிலைகளைச் சாக்கில் சுற்றி நாலு பீடங்களில் பக்கத்தில் பக்கத்தில் ஏற்றியிருந்தார்கள். மாவக்கா முதல் சாக்கைப் பிரித்தாள். மேயரம்மா முகத்தில் கரி அப்பிக் கிடந்தது, கண்ணும் தெரியவில்லை, மூக்கும் தெரியவில்லை.

"ஊரை ஆண்டவ மூஞ்சியப் பாரு, அடுப்புச் சட்டி மாதிரி இருக்கு" என்றாள் நாத்தனார்.

"வாயை மூடிட்டு வாளியக் கொண்டா."

தேய்த்தாள். சோப்புத் தண்ணீர் தெறித்துக் கண்ணில் விழுந்தது. எரிச்சல் தாங்காமல் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். வேலையை நிறுத்துகிறவளா அவள்? கண்ணை மூடியபடியே இரண்டு கையாலும் தேய்த்தாள். நெற்றி, புருவம், கண்ணுக்குக் கீழே. கட்டைவிரல் மூக்கின்மேல் இறங்கியது. இறங்கின விரல், நடு மூக்கில் ஒரு சின்ன மேட்டில் ஏறி ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

தன் முகத்தைத்தான் கழுவிக்கொண்டிருக்கிறோம் என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டாள்.

சின்ன வயசில் கதவிடுக்கில் மாட்டி உடைந்த மூக்கு அது. விடிந்து எழுந்து முகம் கழுவும்போதெல்லாம் விரல் ஏறி இறங்குகிற மேடு. கைக்கு அது தெரியாதா? கண்ணைத் திறந்து பார்த்தாள். பார்த்தால் மேயரம்மாதான். கொண்டை இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது. மறுபடி கண்ணை மூடித் தொட்டாள். அவளேதான். வலது புருவத்துக்கு அடியில் இருக்கிற முண்டு, தாடையின் குழி, மேலுதட்டின் நடுவே கொஞ்சம் கூடுதலாக இருக்கிற சதை, எல்லாம் அப்படி அப்படியே இருந்தது. கண்ணாடியில் பார்க்கிறவளுக்குத் தன் முகம் இடம் வலம் மாறித்தானே தெரியும். கண்ணுக்குத் தெரியாமல் போனது அதனால்தானோ என்னவோ.

அடுத்த சாக்கைப் பிரித்தாள். தண்ணி டாக்டர். தொட்டாள். அதே மேடு. அடுத்தது கதைக்காரம்மா. அங்கேயும் அதே மேடு.

"இங்க வா" என்று நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

"கையெல்லாம் பெயிண்ட்டு அண்ணி."

"பெயிண்ட்டோட வா. இந்த மூக்கைத் தொடு."

"தொட்டாச்சு."

"இப்ப என் மூக்கைத் தொடு."

நாத்தனார் தொடவில்லை. பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். "அண்ணி, நெசமாவே உனக்கு இப்பதான் தெரியுதா?"

மாவக்கா அவள் பக்கம் திரும்பினாள். "உனக்குத் தெரியுமா?"

"பெயிண்ட் அடிக்கிறவளுக்குத் தெரியாதா? நீ தெரிஞ்சுதான் கமுக்கமா இருக்கேன்னு நெனச்சேன். உள்ளுக்குள்ள பெருமையா இருக்கும்போல, வெளிய காட்டிக்கலன்னு."

"எனக்கு இதுல என்னடி பெருமை? நான் ஊரை ஆண்டேனா, புஸ்தகம் எழுதினேனா? மாவு கரைக்கிறவ."

"அதான் அண்ணனுக்கு ஆத்தாமைபோல, இப்படியாவது உன்னை உக்கார வெப்போம்னு" என்று சிரிக்கப் பார்த்தாள் நாத்தனார். அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிவிட்டாள்.

மாவக்கா நாலாவது சாக்கையும் பிரித்தாள். பிரிக்காமலே தெரிந்த விஷயந்தான். கையுறையம்மா தலையில் முக்காட்டோடு அவள் முகத்தை வைத்துக்கொண்டு பார்த்தார். நாலு பீடத்திலும் தானே உட்கார்ந்து தன்னையே பார்க்கிறதைத் தாங்க முடியவில்லை. ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

நாத்தனாருக்கு அப்போதுதான் உறைத்தது. "அண்ணி, தனித்தனியா ஆளுக்கொரு மூலையில இருந்த வரைக்கும் பொழைச்சோம். இப்படிப் பக்கத்துல பக்கத்துல வெச்சா கண்ணு மங்கினவனுக்கும் தெரியுமே. நாளன்னிக்குத் திறப்பு. ஊரே வருது. அப்புறம் எவன் நம்ம பட்டறைக்கு வருவான்? பூட்டிட்டுத் தெருவுல நிக்க வேண்டியதுதான்."

மாவக்கா எழுந்தாள். வாளித் தண்ணீரைக் கொட்டவும் மறந்து, மழையில் நடந்தே பட்டறையோடு சேர்ந்த வீட்டுக்கு வந்தாள்.

மாஸ்டர் ரொட்டியைப் பிய்த்து வெங்காயத்தோடு தின்றுகொண்டிருந்தார். அவள் வந்து நின்ற நிற்பைப் பார்த்ததும் மெல்லுகிறதை நிறுத்திவிட்டார்.

"என் மூஞ்சிய எப்ப எடுத்தீங்க?"

"உக்காரு. தலையத் துவட்டு முதல்ல."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

அவர் ரொட்டியைத் தட்டில் வைத்தார். "கல்யாணமான புதுசுல ஒரு நாள் பழகிப் பாக்கறேன்னு உன் மூஞ்சியில பிளாஸ்டர் ஊத்தினேனே. ஞாபகம் இல்லையா? மூக்குல குழல் சொருகிட்டு, சிரிக்கக் கூடாதுன்னு சொல்லிப் படுக்க வெச்சேன்."

"அது அன்னைக்கே ஒடஞ்சு போச்சுன்னீங்க."

"ஒடையல."

அவ்வளவு வருஷமாகப் பரணில் கோணிக்குள் கிடந்திருக்கிறது. மேயரம்மாவை ஒழுங்காகத்தான் செய்தாராம். போட்டோவைப் பார்த்து, ராப்பகலாக உட்கார்ந்து களிமண்ணில் பிடித்தாராம். இதே மாதிரி ஒரு மழையில் கூரை ஒழுகி முகம் கரைந்து தரையில் விழுந்துவிட்டது. கையில் நாள் இல்லை. பரணைப் பார்த்தார். அச்சை இறக்கிக் களிமண்ணை அழுத்தினார், முகம் வந்துவிட்டது. கொண்டை வைத்தார், கண்ணாடி மாட்டினார், கன்னத்தில் நாலு சுருக்கம் போட்டார்.

"பயந்துட்டேதான் கொண்டுபோனேன். யாராவது ஒருத்தன், ஒரே ஒருத்தன், இது அவங்க இல்லையேன்னு சொல்லுவான்னு பாத்தேன். மைக்கப் பிடிச்சவன் எல்லாம் அச்சு அசல்னான். மாலை போட்டவன் அழுதான். கூடப்பொறந்த தம்பி, அக்கா நேர்ல நிக்கற மாதிரி இருக்குன்னான். அப்புறம் நான் எதுக்கு மெனக்கெடணும், சொல்லு. அடுத்ததுக்கும் அதே அச்சு, அதுக்கு அடுத்ததுக்கும் அதே."

"ஊரு பாக்கலன்னா நீங்களும் பாக்க மாட்டீங்களா?"

"பொம்பள முகந்தானேன்னு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

மாவக்காவுக்குக் கோபத்தைவிட அதிர்ச்சிதான் பெரிசாக இருந்தது. கூடவே குடித்தனம் பண்ணின மனுஷன். உப்பு கூடினால் கண்டுபிடிக்கிறவர், அச்சில் மயிரிழை வெடிப்பு இருந்தால் தூக்கி எறிகிறவர். "அந்த நாலு பேரும் நாலு விதமாப் பொழைச்சவங்க" என்றாள். "ஒருத்தி ஜெயில்ல கெடந்தா. ஒருத்தி சாக்கடைத் தண்ணிய மோந்து பாத்து ஆராய்ச்சி பண்ணினா. அவங்க பட்டதெல்லாம் மூஞ்சியில இருந்திருக்குமே. அதைத் தொடச்சுட்டு என் மூஞ்சிய ஒட்டி வெச்சிருக்கீங்க. எந்த முகத்தோட நான் தெருவுல போறது? எனக்கே ஒரு முகம் மிச்சம் இருக்கான்னு தெரியலையே."

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். பின்னாலேயே வந்து சேர்ந்திருந்த நாத்தனார்தான் குறுக்கே வந்தாள். "திட்டறதை அப்புறம் திட்டிக்கலாம் அண்ணி. இப்ப என்ன பண்றது?"

"உளி இருக்கு. நாளைக்குப் பகல் பூரா இருக்கு" என்றார் மாஸ்டர். "போட்டோவ வெச்சுக்கிட்டுச் செதுக்கிடறேன். மூக்கை மாத்தி, கன்னத்த எறக்கி, மேல சீக்கிரம் இறுகற சிமெண்ட் பூசி, என்னால முடியும். மூணு பேரு போட்டோ டப்பாவுல பத்திரமா இருக்கு."

"மூணா? நாலாவது?"

அவர் ஒழுகுகிற கூரையை நிமிர்ந்து பார்த்தார். வாளியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"கையுறையம்மா போட்டோ எங்கங்க?"

"கூட்டத்துல எடுத்த போட்டோ. இருந்தது அது ஒண்ணுதானாம். சங்கத்துக்காரங்க கொண்டாந்து கொடுத்தாங்க. பலகையில ஒட்டி வெச்சிருந்தேன். மழையில பலகை ஊறி, எடுக்கப்போனா மூஞ்சி இருந்த இடம் மட்டும் விரலோட வந்துருச்சு." மாஸ்டர் தன் சுட்டுவிரலைப் பார்த்துக்கொண்டார். "திருப்பிக் கேட்டா என்ன சொல்றதுன்னு இருந்தேன். யாரும் கேக்கவே இல்லை."

அதற்குப் பிறகு அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் பேசவில்லை. நாத்தனார்கூடப் பேசவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலையிலேயே மூன்று பேரும் கூடத்துக்குப் போனார்கள். மழை கொஞ்சம் வாங்கியிருந்தது. மேடத்திடம் உள்ளதைச் சொல்லிவிடலாம் என்றாள் மாவக்கா. மாஸ்டர் அவள் கையைப் பிடித்துக் கெஞ்சினார், முதலில் சரி பண்ணிவிடுகிறேன், பிறகு உன் இஷ்டம் என்றார். சரி, ஆகட்டும் என்று விட்டுக்கொடுத்தாள். மேடம் வந்து எட்டிப் பார்த்து, "கடைசி மெருகா மாஸ்டர்? நடக்கட்டும், நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நாற்காலி போடுகிறவர்களைக் கவனிக்கப் போய்விட்டார்.

மாஸ்டர் உளியை எடுத்தார். மாவக்கா போட்டோவை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். "இந்தம்மாவுக்குக் கன்னமே கிடையாதுங்க, எலும்புதான். எறக்குங்க. இமை கனம். பாதிக் கண்ணுதான் தெறந்திருக்கு." சிமெண்ட் தூள் பறந்தது. மேயரம்மாவின் முகம் மெதுவாக வெளியே வந்தது, சிடுசிடு என்று, யாருக்கும் பணியாத முகம். தண்ணி டாக்டருக்கு மேல்பல் எடுப்பு. கதைக்காரம்மாவுக்கு ஒரு கண்ணில் லேசான மாறுகண். அந்த மாறுகண்ணைப் பிடித்தபோது மாஸ்டரே, "எப்பேர்ப்பட்ட முகம்டா இது, இதையா விட்டேன்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். கைகள் ஓடின. நாத்தனார் பின்னாலேயே பெயிண்ட்டோடு வந்தாள். மதியத்துக்குள் மூன்று முகங்களும் ஆளுக்கொரு பக்கம் பிரிந்துவிட்டன.

மிச்சம் கையுறையம்மா.

"என்னத்தப் பாத்துச் செதுக்கறது?" என்றாள் மாவக்கா.

"மூக்கைக் கொஞ்சம் சப்பையாக்கி, நெத்திய மேடாக்கினா உன் சாயல் போயிடும். அவ்வளவுதான் வேணும்."

"மறுபடியும் மனசுக்குத் தோணின மூஞ்சியா?"

"வேற வழி?" என்றார் மாஸ்டர். உளியை மூக்கின்மேல் வைத்தார்.

அந்த நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் ஓடிவந்தாள். பஸ் கண்டக்டர் உடுப்பு, தோளில் தோல்பை, தலையிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது. லீவு முடிந்து அன்றைக்கு மதிய ஷிப்ட்டுக்குத்தான் வேலைக்கு வந்தாளாம். பஸ் ஸ்டாண்டில் பீடம் காலியாக இருக்கிறதைப் பார்த்துவிட்டு, முதல் டிரிப்பை இன்னொருத்தி தலையில் கட்டிவிட்டு விசாரித்து விசாரித்து வந்திருக்கிறாள். சிலையைப் பார்த்ததும் மூச்சு விட்டாள். நேரே போய் அதன் தாடையை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டாள். வண்டி ஏறுவதற்கு முன்னால் தினமும் அப்படி ஏந்துகிறவள் என்று பார்த்தவுடனே தெரிந்தது. அதற்குப் பிறகுதான் உளியைப் பார்த்தாள்.

"என்ன பண்றீங்க?"

"சின்ன மெருகு" என்றார் மாஸ்டர்.

"எங்கம்மா மூஞ்சியில உளி வைக்காதீங்க. எங்கம்மா இப்படித்தான் இருப்பாங்க. இதுல எதையும் மாத்த வேணாம்."

 கையுறையம்மாவுக்கு ஒரு மகள் உண்டு என்றே மாவக்காவுக்குத் தெரியாது. மாஸ்டர் பெண்டாட்டியைப் பார்த்தார். பேசாதே, பேசினால் தொலைந்தோம் என்று அந்தப் பார்வையில் இருந்தது. பேசாமல் இருந்தால் உளியைக் கீழே வைத்துவிடலாம், சாயல் அப்படியே இருந்தாலும் ஒரே ஒரு சிலையோடு போய்விடும், பட்டறையும் பிழைக்கும். இது மாவக்காவுக்கும் தெரியும்.

தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். முகத்தில் அப்பியிருந்த தூளைத் துடைத்தாள்.

"அம்மாடி, இங்க பாரு. என்னைப் பாரு. அப்புறம் அதைப் பாரு."

கண்டக்டர் பெண் பார்த்தாள். புரியாமல் பார்த்தாள், திரும்பிச் சிலையைப் பார்த்தாள், மறுபடி இவளைப் பார்த்தாள். சிலையின் தாடையிலிருந்து கை தானாகக் கீழே விழுந்தது.

"அது நான்" என்றாள் மாவக்கா. "உங்கம்மா இல்ல. என் மூஞ்சிய அச்செடுத்து வெச்சிருக்காங்க. உங்கம்மா போட்டோ எங்க பட்டறையில நனைஞ்சு அழிஞ்சு போச்சு. எனக்கு நேத்துதான் தெரியும். இருந்தாலும் தப்பு எங்க வீட்டுத் தப்பு."

எப்போது வந்தாரோ, வாசலில் நூலகத்து மேடம் நின்றிருந்தார். கையிலிருந்த அழைப்பிதழ்க் கட்டு நழுவித் தரையில் விழுந்தது. "அச்சு அசல்னு நாலு விழாவுலயும் நான்தான் பேசினேன்" என்றார்.  பக்கத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

கண்டக்டர் பெண் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. "எனக்கு நாலு வயசு அம்மா போறப்ப" என்றாள் மெதுவாக. "சித்திதான் வளர்த்தாங்க. சிலை வெச்சப்ப கூட்டிட்டு வந்து காட்டினாங்க. கொஞ்சம் வேற மாதிரி இருக்கேன்னு சித்தி சொன்னாங்க. சிலைன்னா அப்படித்தான் இருக்கும்னு எல்லாரும் சொல்லி அவங்க வாயை அடைச்சுட்டாங்க. சித்தியும் இப்ப இல்ல. அம்மா கூடக் கூட்டின கெழவிங்களைக் கேட்டா, 'அந்தச் சிலை மாதிரியே இருப்பாடி'ங்கறாங்க."

"அம்மாடி..."

"கனவுல வர்ற முகமும் இதுதான். காய்ச்சல் வந்தா பக்கத்துல வந்து உக்காருவாங்க. அது நீங்களா? இவ்வளவு வருஷமா என் கனவுல வர்றது நீங்களா?"

 முன்பின் பார்த்திராத ஒரு பெண்ணின் கனவில், அனுமதி கேட்காமல், தான் போய் உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைக்கையில் மாவக்காவுக்கு உடம்பு கூசியது. மேடத்தின் பக்கம் திரும்பினாள்.

"மேடம், நாளைக்கு இந்தப் பீடத்தைக் காலியா விட்டுருங்க. பேரை மட்டும் எழுதி வைங்க. ஏன் காலின்னு கேட்டா எங்க பட்டறையைச் சொல்லுங்க. என்ன நடந்ததுன்னு மறைக்காம சொல்லுங்க."

மாஸ்டர் உளியைக் கீழே வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நாத்தனார் அண்ணனைப் பார்க்கிறதா அண்ணியைப் பார்க்கிறதா என்று தெரியாமல் பிரஷ்ஷைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிரஷ் எப்போதோ சுத்தமாகிவிட்டது.

கண்டக்டர் பெண் பையைச் சரிசெய்துகொண்டு கதவுவரை போனாள். கதவில் கை வைத்தவள் திரும்பி வந்தாள். மாவக்காவுக்கு நேர் எதிரில், கைக்கெட்டுகிற தூரத்தில் நின்றாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளும்மா."

"இந்த முகம் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. சிலை எங்க சிரிக்கும்? கனவுலயும் சிரிக்காது. நீங்க எங்கம்மா இல்லன்னு தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சாலும் பரவால்ல. ஒரே ஒரு தடவை சிரிச்சுக் காட்டுங்க."

மாவக்கா மறுக்க நினைத்தாள், முடியவில்லை. சிரிக்கப் பார்த்தாள். உதடு கோணியது, கண்ணில் நீர் முட்டியது. துடைத்துக்கொண்டு மறுபடி முயன்றாள். பெற்ற பிள்ளை முன்னால் நிற்கிறதாக நினைத்துக்கொண்டு வாய் நிறையச் சிரித்தாள், கடைவாயில் விழுந்த பல்லின் ஓட்டைகூடத் தெரிய.

அந்தப் பெண் கண் கொட்டாமல் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவளின் நெற்றி சுருங்கியது.

"இல்ல" என்றாள்.

"என்னம்மா?"

"எங்கம்மா இப்படிச் சிரிக்க மாட்டாங்க."

சொன்னவளே திடுக்கிட்டுப் போனாள். யார் பேசினது என்று பார்க்கிற மாதிரி சுற்றிலும் பார்த்தாள். "வாயைப் பொத்திக்குவாங்க" என்றாள். "சத்தமே வராது. கையால வாயைப் பொத்திட்டு, தோள் மட்டும் குலுங்கும். நான் மடியில இருப்பேன். நானும் சேந்து குலுங்குவேன்." அவளுடைய வலது கை அவளை அறியாமல் ஏறி அவள் வாயை மூடிக்கொண்டது. "கை பூரா வெடிப்பு. எனக்கு ஞாபகம் இருக்கு. எனக்கு எங்கம்மாவ ஞாபகம் இருக்கு."

மாஸ்டர் சுவரிலிருந்து திரும்பினார். மாவக்கா அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்து மெல்ல ஒரு நாற்காலியில் உட்கார வைத்தாள். பக்கத்தில் ஈரத் தரையிலேயே தானும் உட்கார்ந்தாள்.

"சொல்லு. விட்டுடாத. விரல் எப்படி இருக்கும்?"

"குட்டை விரல். நகம் தேஞ்சு போயிருக்கும்."

"கண்ணு? சிரிக்கறப்ப கண்ணு?"

"மூடிக்கும். ஓரத்துல தண்ணி வரும்."

"பல்லு எப்படி? வரிசையா இருக்குமா, எடுப்பா இருக்குமா? வாயி சின்னதா, பெருசா?"

அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு தேடினாள். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. ரொம்ப நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தாள்.

"தெரியலையே அக்கா" என்றாள். "கைதான் மறைச்சிட்டு இருக்கே."